டாக்கர் நெட்வொர்க்கும் ஃபயர்வாலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் செங்கோட்டையிலிருந்து ஓர் இளைஞர் லேப்டாப்போடு என்னைப் பார்க்கப் பாவூர்சத்திரம் வந்தார். புனலூரில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் தம் மாமாவின் கடைக்காக, வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்றில் கணக்குச் செயலியை டாக்கரில் (செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் மென்பொருள்) நிறுவியிருந்தார். "அண்ணே, ஃபயர்வால் எல்லாம் போட்டாச்சு, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். கண்டெய்னர்கள் எப்படி ஓட வேண்டும் என்று எழுதும் அவருடைய காம்போஸ் கோப்பைத் திறந்ததும் கண்ணில் பட்ட ஒரு வரி, சில ஆண்டுகளுக்கு முன்பு நானே எழுதி, ஒரு காய்கறி மண்டியின் மூன்று நாள் கணக்கை இழக்கக் காரணமான அதே வரி. இதே வரியை வேறு வேறு பிள்ளைகளின் கோப்புகளில் நான் பார்ப்பது இது நான்காவது முறை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இடைவெளி பிசகுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பெரும்பாலும் டாக்கரே பிழைச் செய்தியாகச் சொல்லிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் தராமல் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும் தவறுகளே ஆளைக் கவிழ்க்கின்றன.

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று நம்பி டேட்டாபேஸ் போர்ட்டை வெளியிடுவது

பாவூர்சத்திரத்தில் ஒரு கமிஷன் மண்டியின் பில் செயலியை நான் பராமரித்து வருகிறேன். மாலையில் ஏறும் முருங்கை, வெண்டை, தக்காளி லோடுகள் இரவோடு இரவாகப் புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகும். வழியில் யார் நிறுத்திக் கேட்டாலும் ஓட்டுநர் தம் கைப்பேசியில் பில்லைத் திறந்து காட்ட வேண்டும். இதற்காக வெப் சர்வர், செயலி, மாங்கோடிபி டேட்டாபேஸ் என்று மூன்று கண்டெய்னர்களை ஒரு வாடகைச் சர்வரில் ஓடவிட்டிருந்தேன். வீட்டிலிருந்தபடியே டேட்டாபேஸைத் திறந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று காம்போஸ் கோப்பில், கண்டெய்னரின் போர்ட்டை (அதை அழைக்கும் வாசல் எண்ணை) வெளியே திறக்கும் 'போர்ட்ஸ்' பகுதியில் 27017:27017 (சர்வரின் எண் : கண்டெய்னரின் எண்) என்று ஒரு வரி சேர்த்தேன். யூஎஃப்டபிள்யூவில் உள்ளே வருவது அனைத்தையும் மறுத்து, 22, 80, 443 ஆகிய மூன்றை மட்டும் அனுமதித்திருந்தேன். 'யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்' என்று கேட்டால் அந்த மூன்று எண்களைத் தவிர வேறெதுவும் திரையில் வரவில்லை. அந்தத் திரையை நான் நம்பினேன்.

சாரல் பிடித்திருந்த ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விடிவதற்கு முன்பே புளியரையிலிருந்து ஓட்டுநர் ஒருவர் அழைத்து, பில் திறக்கவில்லை என்றார். டேட்டாபேஸைப் பார்த்தபோது எங்கள் பதிவுகள் ஒன்றுகூட இல்லை. அவற்றின் இடத்தில், பணத்தைப் பிட்காயினாக அனுப்பினால் தரவு திரும்பக் கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரே ஒரு குறிப்பு இருந்தது. மாங்கோடிபியின் அதிகாரபூர்வ இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு), நாம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்காவிட்டால், எவரையும் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். 2017 ஜனவரியிலேயே இப்படித் திறந்து கிடந்த மாங்கோடிபிகளை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில் துடைத்தெடுத்திருந்தார்கள் என்பதை நான் படித்தும் இருந்தேன். பேக்கப் திங்கள் இரவு எடுத்தது. செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள் லோடுகளை மண்டிக் கணக்குப்பிள்ளையும் நானும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட கார்பன் நகல் சிட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஊதா மை கலைந்த எண்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்து மீண்டும் ஏற்றினோம். ஏழு சிட்டைகளின் எடை கடைசிவரை படிக்க முடியாமலே போயிற்று.

காரணம் யூஎஃப்டபிள்யூவின் பழுது அன்று. லினக்ஸில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) சர்வருக்குள்ளேயே ஓடும் நிரலுக்கு வந்தால் அது 'இன்புட்' என்ற சங்கிலி (வரிசையாகப் பார்க்கப்படும் விதிப் பட்டியல்) வழியாகப் போகிறது. நாம் யூஎஃப்டபிள்யூவில் எழுதும் வழக்கமான அனுமதியும் மறுப்பும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் முகவரி மாற்றும் 'நேட்' அட்டவணையில் தன் விதியைச் சேர்க்கிறது. பாக்கெட் சர்வரின் வாசலைத் தொட்டவுடனேயே அதன் சேருமிடம் கண்டெய்னரின் முகவரியாக மாற்றப்படுகிறது. முகவரி மாறிவிட்டதால் லினக்ஸின் மையமான கெர்னல் அதை வேறொரு கணினிக்குக் கடத்த வேண்டிய பாக்கெட்டாகவே கருதி 'ஃபார்வர்ட்' சங்கிலிக்கு அனுப்புகிறது. அங்கே டாக்கர் தன் கண்டெய்னருக்கான அனுமதியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. நாம் இன்புட்டில் காவலுக்கு நிறுத்திய ஆளை அந்தப் பாக்கெட் சந்திப்பதே இல்லை. எண்ணுக்கு முன்னால் முகவரி எதுவும் எழுதாவிட்டால் டாக்கர் 0.0.0.0 என்று, அதாவது சர்வரின் எல்லா முகவரிகளிலும், போர்ட்டைத் திறக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை டாக்கரின் ஆவணத்திலேயே இருக்கிறது. ஆனாலும் புதியவர்களுக்காக எழுதப்படும் பயிற்சிக் குறிப்புகள் டேட்டாபேஸ் போர்ட்டை வெளியிடும் வரியை எந்த விளக்கமும் இல்லாமல் மாதிரியாகத் தந்துகொண்டே இருக்கின்றன. இது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அந்த ஒரு வரிக்குக் கீழே இரண்டு சொல்லில் எச்சரிக்கை எழுதியிருந்தால், செங்கோட்டை இளைஞரின் கோப்பில் அது அப்படியே வந்திருக்காது.

செய்ய வேண்டியது எளிது. ஒரே காம்போஸ் நெட்வொர்க்கில் உள்ள கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எந்தப் போர்ட்டையும் வெளியிடத் தேவையில்லை. ஆகவே டேட்டாபேஸுக்கு 'போர்ட்ஸ்' பகுதியே வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமானால் 127.0.0.1:27017:27017 என்று, சர்வருக்குள் மட்டும் செல்லும் முகவரியோடு எழுதிவிட்டு, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (மறையாக்கிய தொலை இணைப்பு) வழியாக உள்ளே வர வேண்டும். டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில், அதே உள்ளூர் நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு கணினி, இப்படி 127.0.0.1-இல் கட்டிய போர்ட்டையும் எட்டிவிட முடியும் என்பதால், பதிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் எப்படியும் இருக்க வேண்டும்.

சிலர் இந்தச் சிக்கலைக் கேள்விப்பட்டதும் டாக்கரின் அமைப்புக் கோப்பில் 'ஐபிடேபிள்ஸ்' (டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதும் வசதி) என்பதை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கண்டெய்னர்கள் வெளியுலகத்துக்குப் போகத் தேவையான முகவரி மாற்றமும் சேர்ந்தே நின்றுவிடும். பிறகு அதைக் கையால் எழுதுவது இதைவிடப் பெரிய வேலை.

மூடிவிட்டோமா என்பதை வெளியிலிருந்துதான் சோதிக்க வேண்டும். சர்வருக்குள் இருந்தபடியே அதன் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பது சோதனையாகாது, ஏனென்றால் அந்தப் பாக்கெட் வெளிவாசல் வழியாக வருவதே இல்லை. நான் கைப்பேசியின் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாக்கி, லேப்டாப்பை அதில் இணைத்து, 'என்மேப்' கொண்டு சர்வரின் எல்லாப் போர்ட்டுகளையும் தட்டிப் பார்ப்பேன். செங்கோட்டை இளைஞரின் சர்வரையும் அவர் முன்னிலையிலேயே அப்படிச் சோதித்தோம். யூஎஃப்டபிள்யூ பட்டியலில் இல்லாத 27017 'ஓப்பன்' என்று திரையில் வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அங்கேயே உட்கார்ந்து கோப்பைத் திருத்திவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

டாக்கர்-யூசர் சங்கிலியில் பாதி விதியை எழுதுவது

வெளியிட்ட போர்ட்டைக் குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் அனுமதிக்க வேண்டுமானால், அந்த விதிகளை எழுத டாக்கரே ஒதுக்கிக் கொடுத்திருக்கும் இடம் 'டாக்கர்-யூசர்' என்ற சங்கிலி. இங்கே இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதலாவது, 8080:80 என்று வெளியிட்டுவிட்டு 8080-ஐத் தடுக்கும் விதியை எழுதுகிறார்கள். பாக்கெட் இந்தச் சங்கிலிக்கு வரும்போது அதன் எண் ஏற்கெனவே 80 ஆகிவிட்டிருக்கும். 8080 என்ற விதி எந்தக் காலத்திலும் பொருந்தாது. வெளியே தெரியும் எண்ணைக் கொண்டுதான் தடுக்க வேண்டும் என்றால், இணைப்புகளை நினைவில் வைக்கும் 'கான்ட்ராக்' நீட்சியில் மூலச் சேருமிடப் போர்ட்டைக் கேட்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, வெளி இடைமுகத்திலிருந்து (சர்வரின் இணையப் பக்கத்து வாசல்) வரும் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளுக்கான அனுமதியை அதற்கு மேலே வைக்க மறந்துவிடுகிறார்கள். கண்டெய்னர் வெளியே அனுப்பிய கேள்விக்கு வரும் பதிலும் அதே வாசலில்தான் வரும், அதுவும் விழுந்துவிடும். இமேஜ் இறக்குவது மட்டும் தடையின்றி நடப்பதால் இணையம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக் குழம்புவார்கள். இமேஜை இறக்குவது கண்டெய்னர் அன்று, சர்வரில் ஓடும் டாக்கர் சேவை.

விதிகளை மொத்தமாக அழித்துப் பார்ப்பது

டாக்கரின் விதிகளும் சேர்ந்து அழியும். டாக்கரை மறுதொடக்கம் செய்யும்வரை கண்டெய்னர்களின் வெளித்தொடர்பு ஒழுங்காக இயங்காது.

'மறுக்கப்பட்டது' என்பதையும் 'நேரம் கடந்தது' என்பதையும் ஒன்றாகப் படிப்பது

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தால், பெரும்பாலும் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை என்று பொருள். நீண்ட நேரம் காத்திருந்து நேரம் கடந்தது என்று வந்தால், வழியில் யாரோ சத்தமில்லாமல் பாக்கெட்டைக் கீழே போட்டிருக்கிறார்கள். முதலாவதற்கு ஃபயர்வாலைத் தோண்டுவது வீண். செயலி கண்டெய்னருக்குள் 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்; அந்த 127.0.0.1 கண்டெய்னரின் சொந்த முகவரியே தவிர சர்வருடையது அன்று, ஆகவே செயலியை 0.0.0.0-இல் கேட்க வைக்க வேண்டும். இரண்டாவது வகையில், பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்' கருவியை முதலில் வெளி இடைமுகத்திலும் பிறகு டாக்கரின் பிரிட்ஜிலும் (கண்டெய்னர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்) ஓடவிட்டு, பாக்கெட் எந்த இடம்வரை வந்தது என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் ஊகத்திலேயே விதிகளை மாற்றிக்கொண்டிருந்து முழு நாளையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

கண்டெய்னரிலிருந்து சர்வரை அழைக்கும்போது யூஎஃப்டபிள்யூவை மறப்பது

முதல் தவறில் சொன்னதற்கு நேர் எதிரான நிலை இது. கண்டெய்னர் தன் சர்வரிலேயே நேரடியாக ஓடும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை அழைத்தால், அந்தப் பாக்கெட் சர்வருக்கே வருவதால் இன்புட் சங்கிலிக்குத்தான் போகும். அங்கே யூஎஃப்டபிள்யூ அதைத் தடுக்கும். டாக்கர் யூஎஃப்டபிள்யூவை மதிப்பதே இல்லை என்று மனப்பாடம் செய்துவைத்தவர்கள் இங்கே திகைத்து நிற்கிறார்கள். கண்டெய்னர் நெட்வொர்க்கின் முகவரி வரம்பிலிருந்து அதன் போர்ட்டான 5432-க்கு மட்டும் அனுமதி கொடுத்து, போஸ்ட்கிரஸை அந்தப் பிரிட்ஜின் முகவரியிலும் கேட்க வைத்தால் பாக்கெட் போய்ச் சேரும்.

இயல்பு பிரிட்ஜில் பெயர் சொல்லி அழைப்பது

டாக்கர் தானாகத் தரும் அந்தப் பிரிட்ஜில் கண்டெய்னரின் பெயர் வேலை செய்யாது. தனி நெட்வொர்க் உருவாக்கினால்தான் 127.0.0.11-இல் இருக்கும் டாக்கரின் பெயர்த் தீர்வு கிடைக்கும்.

முகவரி வரம்பை டாக்கரின் விருப்பத்துக்கு விடுவது

டாக்கர் தன் முதல் பிரிட்ஜுக்கு வழக்கமாக 172.17 வரம்பை எடுத்துக்கொள்ளும். நாம் காம்போஸில் புதிய திட்டங்களைச் சேர்க்கச் சேர்க்க 172.18, 172.19 என்று ஏறிக்கொண்டே போகும். மண்டி அலுவலகத்தில் வைத்திருக்கும் சிறிய சர்வரில் மூன்றாவது திட்டத்தை நான் ஏற்றிய அன்று, தணிக்கையாளர் அலுவலகத்துக்கான விபிஎன் பேசாமல் போயிற்று. அவர்களுடைய நெட்வொர்க் 172.20-இல் இருந்தது, டாக்கர் அதே வரம்பைத் தன் பிரிட்ஜுக்கு எடுத்துக்கொண்டதால், அவர்களுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் என் சர்வருக்குள்ளேயே சுற்றி நின்றுவிட்டன. ஃபயர்வாலில் அரை நாள் தேடிய பிறகுதான் வழித்தடப் பட்டியலைப் பார்த்தேன். சர்வரை நிறுவும் முதல் நாளே, டாக்கரின் அமைப்புக் கோப்பில் வேறெவரும் பயன்படுத்தாத ஒரு வரம்பை எழுதி வைத்துவிட வேண்டும்.

பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் தடுப்பது

பிங் வராவிட்டால் சர்வர் கண்ணுக்குத் தெரியாது என்று எண்ணி இதைச் செய்கிறார்கள். நெட்வொர்க் தன் நிலைச் செய்திகளை அனுப்பும் ஐசிஎம்பியில் பிங் ஒரு வகை மட்டுமே; 'இந்தப் பாக்கெட் இந்த வழிக்குப் பெரியது' என்று சொல்லும் செய்தியும் அதில்தான் வருகிறது. டாக்கரின் பிரிட்ஜ் வழக்கமாக 1500 பைட் பாக்கெட் அளவில் இருக்கும். பிராட்பேண்டில் வரும் பிபிபிஓஇ இணைப்பில் வழியின் அளவு 1492-ஆகவும், வயர்கார்ட் விபிஎன் சுரங்கத்தில் வழக்கமாக 1420-ஆகவும் சுருங்கும். அந்தச் செய்தி தடுக்கப்பட்டால் சிறிய பாக்கெட்டுகள் போகும், பெரியவை காணாமல் போகும். உள்நுழையும் பக்கம் வரும், லோடு பட்டியல் பாதியில் நின்றுவிடும்; பிழைச் செய்தி எதுவும் இருக்காது. இந்த அறிகுறியைக் கண்டால், துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு 1472 பைட்டில் பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். அது போகாமல், அளவைக் குறைத்துப் பார்த்து 1392-வரை மட்டுமே போனால், 28 பைட் தலைப்பையும் சேர்த்து வழியின் அளவு 1420 என்று தெரிந்துவிடும். அந்த எண்ணையே காம்போஸில் நெட்வொர்க்கின் எம்டியூவாக (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) எழுதி, நெட்வொர்க்கை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அது தானாக மாறாது.

2375-ஐ வெளியே திறப்பது

கூடவே கூடாது. டாக்கருக்குக் கட்டளையிடும், கடவுச்சொல் கேட்காத அந்தப் போர்ட்டை எட்டுபவர், சர்வரின் முழு அதிகாரம் பெற்ற ரூட் பயனரே.