இலங்கைப் பயணம்: காடு, கடல், வரலாறு மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கைக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்டால், வருஷம் முழுக்கப் போகலாம் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. எந்த மாதத்தில் எந்தக் கரைக்கு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். யானை, சிறுத்தை, திமிங்கலம், கோட்டை, கோயில், கடற்கரை என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஒரே வாரத்தில் தீவைச் சுற்றி வரக் கிளம்பினால், பட்டியலில் பாதி பருவம் தப்பித்தான் கிடைக்கும். முதல் தவறு அங்கேதான். மற்றவற்றில் பல அதிலிருந்து கிளைப்பவை.

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று காலி, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ பக்கத்தையும் மலைநாட்டையும் நனைக்கும். தென்மேற்குக் கடல் கொந்தளிக்கும், கரையோரத்தில் செங்கொடி பறக்கும். அதே மாதங்களில் திருகோணமலையிலும் அறுகம்குடாவிலும் வானம் வெளுத்து, வெயில் கொளுத்தும். அக்டோபர் கடைசிக்கு மேல் வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் நிலைமை தலைகீழ்: கிழக்கும் வடக்கும் மழையில் கிடக்க, தெற்குக் கடல் மெல்ல அடங்கும். விடுதி வாடகை மலிவாக இருக்கிறதே என்று டிசம்பரில் கிழக்குக் கரையின் நிலாவெளியிலும் ஜூலையில் மிரிஸ்ஸவிலும் அறை போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அறை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே மழைதான்.

கடலுக்குப் பொருந்தும் இதே நாட்காட்டி காட்டுக்கும் பொருந்தும். மின்னேரியாவில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது ஜூலை முதல் அக்டோபர் வரை. ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேனன் என்ற அரசன் கட்டிய குளம் அது. கோடையில் நீர் உள்வாங்கியதும் குளத்தின் படுகையில் இளம்புல் முளைக்கும். சுற்றுவட்டாரக் காடுகள் காய்ந்து கிடக்கும்போது புல்லும் நீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் யானை வேறெங்கே போகும்? ஜனவரியில் போனால் குளம் நிறைந்திருக்கும், புல்வெளி நீருக்குள் இருக்கும். ஆக, யானைக் கூட்டத்தைக் காட்டும் மாதங்களும் திருகோணமலையில் குளிக்க ஏற்ற மாதங்களும் ஒன்றே. மின்னேரியாவுக்குப் பக்கத்து ஊரான ஹபரணையிலிருந்து திருகோணமலைக்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பழைய தலைநகரான பொலன்னறுவை அதைவிடப் பக்கம். காலையில் பொலன்னறுவை, மாலையில் மின்னேரியா, அப்புறம் இரண்டு மூன்று நாள் கடற்கரை என்று போட்டால் தீவைச் சுற்றாமலேயே மூன்றும் கிடைத்துவிடும்.

தெற்கில் வேறு கணக்கு. மிரிஸ்ஸவில் திமிங்கலப் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. யால தேசியப் பூங்காவில் டிசம்பர், ஜனவரியில் மழை இருக்கும். நீர்நிலைகள் வற்றத் தொடங்கிய பிறகுதான் விலங்குகள் தண்ணீரைத் தேடி வெளியே வரும். இரண்டும் நன்றாகப் பொருந்துவது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். காலிக் கோட்டை எப்படியும் வழியில்தான் இருக்கிறது. செப்டம்பரை ஒட்டி யாலவின் முதல் வலயத்தைச் சில வாரங்கள் மூடிவிடுவது வழக்கம் என்பதால், அந்த மாதத்தில் போகிறவர்கள் பூங்கா திறந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே முன்பணம் கட்டவும்.

ஜூன், ஜூலை மட்டும்தான் விடுப்பு என்றால் தென்கிழக்கு மூலை எனக்குப் பிடித்த தேர்வு. பொத்துவில், அறுகம்குடா, அதற்குத் தெற்கே கடலோரத்தில் உகந்தமலை முருகன் கோயில், கோயிலை ஒட்டியே குமண தேசியப் பூங்காவின் வாசல். குமணவின் 'வில்லு' எனப்படும் ஆழமில்லாத இயற்கை நீர்நிலைகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரை அடியார்களும் உகந்தையில் தங்கித்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். காட்டுப்பாதையைத் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டுமே திறப்பார்கள். மற்ற நாட்களில் 'கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம்' என்று உள்ளே இறங்குவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

வரைபடத்தை நம்பும் தவறு

கொழும்பிலிருந்து மாத்தறை வழியாக அம்பாந்தோட்டைப் பக்கம் போகும் அதிவேகப் பாதையைத் தவிர, நாட்டின் பெரும்பாலான சாலைகளில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதே சரி. ஆட்டோ, தனியார் பேருந்து, பள்ளி விடும் நேரம், சாலையோர மாடு எல்லாம் சேர்ந்த வேகம் அது. வரைபடத்தில் 150 கிலோமீட்டர்தானே என்று காலையில் யாலவும் மாலையில் நுவரெலியாவும் போட்டவர்கள் நாளெல்லாம் காருக்குள்தான் இருப்பார்கள். காட்டுப் பகுதிச் சாலைகளில் இருட்டியபின் போவதையும் தவிருங்கள். யானைக்குச் சாலை என்றும் காடு என்றும் வேறுபாடு கிடையாது.

சிறுத்தையைத் துரத்தும் தவறு

யாலவின் முதல் வலயத்தில் காலை ஏழு மணி வாக்கில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஓட்டுநரின் கைப்பேசி ஒலிக்கும். ஒரே வார்த்தைதான் பேசுவார். உடனே வண்டி அரைவட்டம் அடிக்கும், பின்னால் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள், செம்மண் புழுதி முகத்தில் அடிக்கும். போய்ச் சேர்ந்தால் முன்னால் வரிசையாக ஜீப்புகள், ஒவ்வொன்றிலும் எழுந்து நின்ற தலைகள். தூரத்துப் பாலை மரக் கிளையில் ஒரு வால் மட்டும் தொங்கும். அதுதான் சிறுத்தை. சிங்கமும் புலியும் இல்லாத இந்தத் தீவில் காட்டுக்கு ராஜா அதுவே என்றாலும், அந்த நெரிசலில் அதை ஒழுங்காகப் பார்த்தவர் குறைவு.

இதில் ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சிறுத்தையைக் காட்டினால் கையில் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஏறும்போதே "சிறுத்தை கிடைத்தால் பார்க்கலாம், துரத்த வேண்டாம், மெதுவாகப் போங்கள் அண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். பயணத்தின் நடையே மாறிவிடும். வண்டியை அணைத்துவிட்டு ஒரு குளத்தோரம் காத்திருந்தால் காட்டெருமை, முதலை, கரடி என்று ஒவ்வொன்றாக வரும். பலடுபான வாசலில் வண்டிகள் அதிகம் என்றால் கட்டகமுவ வாசல் வழியாகப் போக முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கூட்டமே ஆகாது என்பவர்களுக்கு வில்பத்து இருக்கிறது. இலங்கையின் தேசியப் பூங்காக்களில் பெரியது அதுதான். அங்கேயும் சிறுத்தை உண்டு.

யாலவைக் காடாக மட்டும் பார்ப்பதும் ஒரு குறைதான். பூங்காவின் எல்லைக்குள் சிதுல்பவ்வ என்ற பழைய பௌத்தக் குகை மடம் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன்பிருந்தே துறவிகள் வாழ்ந்த இடம். கடற்பக்கம் படனங்கல பாறைக்கு அருகே 2004 சுனாமியில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. ஜீப்புகள் இளைப்பாற நிற்கும் இடமும் அதுவே. அங்கே நின்று தின்பண்டப் பொட்டலங்களைப் பிரிப்பவர்கள் எத்தனை பேர் அந்தச் சின்னத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். உடவளவைப் பூங்காவின் வேலியோரமும் புத்தல–கதிர்காமம் சாலையிலும் யானைகள் சாலையோரத்தில் நின்று வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பழக்கடை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி நீட்டத் தோன்றும். நீட்டாதீர்கள். பழம் கொடுத்துப் பழக்கிய யானை அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் துதிக்கையை விடும். பிறகு அதற்குப் பெயர் 'சண்டி யானை'. தண்டனையும் யானைக்குத்தான்.

கடலில் செய்யும் தவறுகள்

மிரிஸ்ஸ கடலில் நீலத் திமிங்கலம் கரையிலிருந்து இவ்வளவு அருகில் தெரிவதற்குக் காரணம், அங்கே கண்டத்திட்டு குறுகலாக இருப்பதுதான். படகு சிறிது நேரம் போனாலே ஆழ்கடல் வந்துவிடும். ஆழ்கடல் என்றால் அலையும் அப்படித்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போடுவதில் பயனில்லை, அரை மணி நேரமாவது முன்பே போட வேண்டும். திமிங்கலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. 'நாங்கள் கிட்டப் போய்க் காட்டுவோம்' என்று ஆள்பிடிக்கும் படகைத் தவிர்த்துவிடுங்கள். முன்னால் மறிக்கும் படகுகள் சூழ்ந்தால் திமிங்கலம் சட்டென்று முங்கிவிடும். பிறகு அந்தப் படகில் இருப்பவர்கள் கண்ணுக்கும் எதுவும் படாது, உங்கள் கண்ணுக்கும் படாது.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. முகமூடி அணிந்து முகத்தை நீருக்குள் வைத்தாலே கருமுனைச் சுறாக் குட்டிகளைப் பார்க்கலாம், அவை மனிதரைக் கண்டு ஒதுங்கும் இனம். ஆபத்து சுறாவால் இல்லை, பவளப்பாறைக்கு நம் காலால்தான். நீந்தத் தெரியாதவர்கள் களைத்துப் போய் நிற்பது பாறை மேல்தான். ஒரு மிதி போதும், பல ஆண்டு வளர்ச்சி உடைந்துவிடும். உயிர்காப்பு மேலாடையைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளுங்கள், கூச்சமே வேண்டாம். உடைந்து கிடக்கும் பவளத்தையும் எடுத்து வரக் கூடாது.

தெற்குக் கரையின் ஆமைப் பண்ணைகளைப் பற்றி எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. முட்டையைக் காப்பது நல்லதுதான். ஆனால் பொரித்த குஞ்சுகளைத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்து, சுற்றுலாப் பயணிகள் கையில் கொடுத்துப் படமெடுக்க விடுவதில் அவற்றுக்கு நன்மையில்லை. குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் ஆழ்கடல் வரை நீந்துவதற்கான கட்டுச்சோறு. தொட்டியில் சுற்றிச் சுற்றி அது தீர்ந்துபோகும். அதே தெற்குக் கரையில் உள்ள ரெக்காவவில் இரவில் தாய் ஆமை கரையேறி முட்டையிடுவதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். கைவிளக்கும் ஃபிளாஷும் மட்டும் ஆகாது.

களப்புகளில், அதாவது கடலோர உப்பங்கழிகளில், குளிப்பதற்கு முன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அமைதியான தண்ணீர் என்றால் முதலைக்கும் பிடிக்கும்.

வரலாற்றைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளும் தவறு

தமிழ்ப் பயணிகள் இதைச் செய்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். காலிக் கோட்டைச் சுவரில் மாலை வெயிலில் படம் எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த ஊரில் 1911-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனத் தளபதி செங் ஹ காலத்தில், 1409 என்று தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் வெட்டப்பட்டது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. தெனாவரை என்பது தெய்வேந்திரமுனை. நீங்கள் திமிங்கலம் பார்க்கப் போகும் அதே கடலுக்கு மேலே நிற்கும் ஊர். அங்கிருந்த தெனாவரை நாயனார் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588-இல் இடித்தார்கள். கல்வெட்டைக் காலியில் தேடி அலையாதீர்கள், மூலக்கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பில் இறங்கிய நாளே அதைப் பார்த்துவிட்டுத் தெற்கே போனால் கரையோரப் பயணமே வேறு மாதிரித் தெரியும்.

பொலன்னறுவையிலும் இதே கதை. கல்விகாரைப் புத்தரைப் பார்த்ததும் வண்டி திரும்பிவிடும். பபலு வெஹர என்ற தூபிக்குப் பக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் ஆன சிறிய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. இரண்டாம் சிவாலயம் என்று பலகை சொல்லும். சோழர் காலத்தில் அதன் பெயர் வானவன்மாதேவி ஈசுவரம், முதலாம் இராசேந்திரனின் தாய் பெயரில் எழுந்தது. சுற்றிலும் செங்கல் இடிபாடுகள் நிற்க, இது மட்டும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெயர்த்து வைத்ததுபோல நிற்கும். புத்தரின் பல் தாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற தென்னிந்தியப் படையினர் தமிழில் வெட்டிய கல்வெட்டும் அட்டதாகே என்ற பழைய கட்டடத்தின் அருகே இருக்கிறது. காலுறை எடுத்துப் போங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்களில் பதினொரு மணிக்கு மேல் கல் சுடும், காலுறைக்குத் தடை இல்லை.

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே பிரெட்ரிக் கோட்டைக்குள்தான். வாசல் கல்லில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்தும் தெரியும். பழைய கோயிலை இடித்த கல்லில் எழுப்பிய கோட்டை அது. வாகனத்தில் விர்ரென்று உள்ளே போகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. இறங்கி நடங்கள். உள்ளே புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே திரியும், அவற்றுக்கும் தின்பண்டம் கொடுக்க வேண்டாம்.

வடக்கே போகிறவர்கள் நெடுந்தீவை மதியம் போய் மதியமே திரும்பும் இடமாக நினைக்கிறார்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து அங்கே போகும் படகுகள் குறைவு. திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் இறங்கினால், காட்டுக்குதிரைகளையும் பாவோபாப் எனும் பெருக்க மரத்தையும் பார்ப்பதற்குள் கடிகாரத்தைப் பார்த்து ஓட வேண்டியிருக்கும். மன்னார்ப் பக்கம் பூநாரைகளைப் பார்க்க மழை ஓய்ந்த பிப்ரவரி நல்ல மாதம். திருக்கேதீச்சரமும் அதே வட்டாரத்தில்.

சில்லறைத் தவறுகள்

பௌர்ணமி, அதாவது போயா நாள், இலங்கையில் அரசு விடுமுறை. மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடையும் மூடியிருக்கும், பூங்காக்களிலும் விகாரைகளிலும் உள்ளூர்க் குடும்பங்கள் நிறைந்துவிடும். தேதி குறிக்கும்போதே பார்த்துவிடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை அங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. டிரோனைப் பெட்டியில் வைப்பதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும், பூங்காக்களுக்குள் அதற்கு இடமே இல்லை.

பூங்காக் கட்டணத்தில் பலர் ஏமாந்தோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பார்த்த தொகைக்கு மேல் வண்டிக் கட்டணம், குழுவுக்கான சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேரும். ஜீப் வாடகை தனி. சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் உள்ள இடங்களில் கடவுச்சீட்டைக் காட்டினால்தான் கிடைக்கும், கைப்பேசியில் உள்ள படத்தை ஏற்காமலும் போகலாம். ஜீப்காரரிடம் பேசும்போது, "வாசல் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணி நேரம்" என்று கேட்டு, முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.