பல்பு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுக் குளியலறையில் கூரையோடு ஒட்டினாற்போல ஒரு விளக்கு இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணம் மாதிரி மூடி, சுற்றிலும் ரப்பர் வளையம், ஒரு பூச்சிகூட உள்ளே போக முடியாது. அதில் போட்ட எல்இடி பல்புகள் ஒன்றரை வருடத்துக்குள் மூன்று போய்விட்டன. பெட்டியின் மேல் 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. மூன்றாவது பல்பு போனதும் அதன் பிளாஸ்டிக் குமிழைக் கழற்றிப் பார்த்தேன். மஞ்சள் புள்ளிகளாக வரிசையில் நிற்கும் எல்இடி சில்லுகளில் ஒன்றுகூடக் கருகவில்லை. அவற்றுக்குக் கீழே சர்க்யூட் பலகையில், மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் சின்ன உருளைக் கெப்பாசிட்டரின் தலைதான் உப்பிப் போயிருந்தது. சூட்டில் கெட்டது அதுதான்.

பல்பில் குறையில்லை. அந்த விளக்குக்கு அது ஏற்ற பல்பு இல்லை, அவ்வளவுதான். பல்பு வாங்கும்போது வாட் எவ்வளவு, விலை எவ்வளவு என்று பல்பையே பார்க்கிறோம். அது போய் உட்காரும் இடத்தைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

மூடிய விளக்கும் சூடும்

எல்இடி சூடாகாது என்று பலரும் நம்புகிறார்கள். குமிழைத் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருப்பதால் வந்த நம்பிக்கை அது. குண்டு பல்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கதிராகவே கண்ணாடி வழியாக வெளியே வீசிவிடும். மேலும், சூட்டில் கெடக்கூடிய மின்னணுப் பாகம் எதுவும் அதற்குள் இல்லை. எல்இடி பல்பில் வெப்பம் பின்பக்கமாகக் கழுத்துக்கு இறங்கி, அங்கிருந்து காற்றில் கலக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட், அதாவது அந்தக் கெப்பாசிட்டர் உள்ள பகுதி, இருப்பதும் அதே கழுத்துக்குள்தான். காற்றோட்டமில்லாத மூடிக்குள் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் போடும் கணக்கு. பல்பு தலைகீழாகத் தொங்கினால் நிலைமை இன்னும் மோசம். சூடான காற்று மேலே ஏறும், மேலே இருப்பதோ டிரைவர்.

அதனால் கண்ணாடி மூடி போட்ட விளக்குக்கு வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். மூடிய விளக்குகளுக்கு ஏற்றதல்ல என்று பல பல்புகளின் பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஏற்றது என்று போட்டவை தனியாகக் கிடைக்கின்றன. அது கிடைக்காவிட்டால் வாட் குறைந்த பல்பாகப் போடுங்கள். 12 வாட் போட்ட இடத்தில் 5 அல்லது 7 வாட் போட்டால் உள்ளே சேரும் சூடு கணிசமாகக் குறையும். குளியலறை போன்ற இடத்தில் ஈரத்தைத் தடுக்கத்தான் அந்த மூடியும் ரப்பரும். பல்புக்குக் காற்று வேண்டும் என்று அவற்றைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வாட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கணக்கிடுவது

வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தின் அளவு லூமென். குண்டு பல்பு மட்டுமே இருந்த காலத்தில் 40 வாட், 60 வாட் என்று சொன்னாலே வெளிச்சம் கண்ணில் தெரிந்தது. இப்போது அந்தக் கணக்கு உதவாது. பழைய 40 வாட் பல்பின் வெளிச்சம் வேண்டுமென்றால் சுமார் 450 லூமென், 60 வாட்டுக்கு 800, 100 வாட்டுக்கு 1600 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரே 9 வாட்டில் ஒரு பல்பு 800 லூமென் தரும், இன்னொன்று 900க்கு மேல் தரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. விளக்கின் உள்ளே "60 வாட்டுக்கு மேல் போடக்கூடாது" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பல்புப் பெட்டியில் "100 வாட்டுக்கு இணை" என்றிருக்கும். போடலாமா கூடாதா என்று தயங்கிப் பலர் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த ஸ்டிக்கர் பேசுவது சூட்டைப் பற்றி, அதாவது பல்பு நிஜமாக இழுக்கும் வாட்டைப் பற்றி. 13 வாட் எல்இடி எத்தனைக்கு இணையாக இருந்தாலும் ஹோல்டருக்கு அது 13 வாட்தான். ஆனால் 40 வாட் மட்டும் தாங்கும் விளக்கில் 60 வாட் குண்டு பல்பையோ ஹாலோஜனையோ போடுவது ஆபத்து. ஹோல்டரின் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல மொறுமொறுப்பாகும், ஒயரின் மேலுறை வெடிக்கும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

உள்ளே போகிறதா என்று மட்டும் பார்ப்பது

பின் டைப் பல்பு பி22, பெரிய ஸ்க்ரூ டைப் இ27, அலங்கார விளக்குகளில் வரும் சின்ன ஸ்க்ரூ இ14. எண்கள் எல்லாம் மில்லிமீட்டரில் அடிப்பகுதியின் விட்டம். "இ" எடிசனின் பெயரிலிருந்து வந்தது. இவற்றில் தவறு நடந்தால் பல்பு உள்ளே போகாது, திருப்பிக் கொடுத்துவிடலாம். பொருந்திவிட்டுக் கெடுதல் செய்பவைதான் கவலைக்குரியவை. 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் இ26 புழக்கத்தில் இருக்கிறது. அது இ27 ஹோல்டரில் தாராளமாக உட்காரும். அங்கிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் பல்பை 230 வோல்ட்டில் போட்டால் அந்த நொடியே போய்விடும், வெடிக்கவும் செய்யலாம். கழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படிக்காமல் மாட்டவே கூடாது.

கூரையில் பதித்த ஸ்பாட் லைட்டுகளிலும் இந்தச் சிக்கல் வரும். முன்பக்கம் பார்த்தால் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான். பின்னால் திருப்பிப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் இடைவெளியில் தலை தடித்த இரண்டு கால்கள் இருந்து, திருகிப் பூட்டும் வகை என்றால் ஜியூ10. அது வீட்டு 230 வோல்ட் மின்சாரத்திலேயே நேராக எரியும். ஊசி போல இரண்டு மெல்லிய கம்பிகள் 5.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஜியூ5.3. கடைகளில் எம்ஆர்16 என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அது பெரும்பாலும் 12 வோல்ட், கூரைக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கும். 50 வாட் ஹாலோஜனுக்காக வைத்த எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர், 5 வாட் எல்இடியை ஒரு சுமையாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். பல்பு மினுக்கும், அல்லது எரியவே எரியாது. நல்ல பல்பைக் கெட்டது என்று எறிவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச வாட்டைப் பார்த்துவிடுங்கள்.

டியூப்லைட்

இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எல்இடி டியூபின் நீளமும் கால்களும் பழைய டியூப் மாதிரியே இருப்பதால், கழற்றி மாட்டினால் முடிந்தது என்று தோன்றும். உள்ளே ஒயர் போகும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. சில டியூபுகள் பழைய சோக்கோடு வேலை செய்யும், ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டுக் கூடவே வரும் போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். சிலவற்றுக்குச் சோக்கையே இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதிலும் சிலவற்றுக்கு மின்சாரம் ஒரு முனையில் மட்டும், சிலவற்றுக்கு இரண்டு முனையிலும். மாற்றிக் கொடுத்தால் ஷார்ட் ஆகும். இரு முனை டியூபை சுவிட்சை அணைக்காமல் மாட்டுவது இன்னும் பயங்கரம். ஒரு முனை ஹோல்டரில் ஏறியதும் உங்கள் கையில் இருக்கும் மறுமுனைக் கால்களில் மின்சாரம் வந்திருக்கலாம். சோக்கை எடுத்துவிட்டு ஒயரை மாற்றியிருந்தால் டியூப்லைட் பட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள். நாளைக்கு யாரோ ஒருவர் அதில் பழைய டியூபை மாட்டப் பார்ப்பார்.

மினுக்கலும் மங்கல் வெளிச்சமும்

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள இடத்தில் சாதாரண எல்இடி போட்டால் மினுக்கும், ரீங்காரம் இடும், சீக்கிரம் போகும். டிம்மருக்கு ஏற்றது என்று போட்டதை வாங்கினாலும் குண்டு பல்புக் காலத்து டிம்மர் அதோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. முதலில் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு லேசாக எரிகிறது என்றால் பயப்பட வேண்டாம். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா பாருங்கள். அதன் வழியே கசியும் துளி மின்சாரமே எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாமலும் எரிந்தால், சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயருக்குப் பதில் அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரைத் துண்டிக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

நிறம்

வெளிச்சத்தின் நிறத்தைப் பெட்டியில் கெல்வின் எண்ணாகப் போட்டிருப்பார்கள்: 2700 கெல்வின் மஞ்சள் கலந்த வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. படுக்கும் அறைக்கு 6500 போடுவது எனக்குப் பிடிக்காது. ஒரே விளக்கில் இரண்டு பல்பு இருந்து ஒன்று மட்டும் போனால், மற்றதன் கெல்வினைப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலும், துணி எடுத்துப் பார்க்கும் இடத்திலும் சிஆர்ஐ எண்ணைக் கவனியுங்கள், பொருட்களின் நிறத்தைப் பல்பு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு அது. பொதுவாக 80 இருக்கும், 90க்கு மேல் இருந்தால் நல்லது. கடையில் எரியும் பல்புக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். ரத்த ஓட்டமுள்ள கையாகத் தெரிகிறதா, சாம்பல் பூத்தது போலத் தெரிகிறதா? சிவப்பைச் சரியாகக் காட்டாத பல்பு அங்கேயே பிடிபட்டுவிடும்.

எல்இடி போடவே கூடாத இடமும் உண்டு. ஓவனுக்குள் 300 டிகிரி வரை தாங்கும் தனி பல்புதான் எரியும், வேறு எதுவும் நிற்காது.

அப்புறம், புதுப் பல்பைப் போடும் முன் ஹோல்டரை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான். பி22 ஹோல்டரில் இரண்டு ஸ்ப்ரிங் பின்களும் அழுத்தினால் எம்பி வர வேண்டும். ஒன்று உள்ளேயே சிக்கி முனை கறுத்திருந்தால், அங்கே தீப்பொறி பறந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் அதில் நிலைக்காது, ஹோல்டரை மாற்ற வேண்டும். நான் இப்போது ஒவ்வொரு பல்பின் கழுத்திலும் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதிவிடுகிறேன். ஒரு வருடத்துக்குள் போன பல்பைக் கழற்றினால் அடுத்ததை வாங்கப் போவதற்கு முன் ஹோல்டரையும், மூடியையும், உள்ளே சேரும் சூட்டையும் பார்த்துவிடுவேன்.