வஹாக்காவில் வயிறார: சந்தை சுற்றிச் சாப்பிடப் பழகுவது எப்படி?

வஹாக்காவுக்கு டிக்கெட் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது கிழமை. தென் மெக்சிகோவில் இருக்கும் இந்த நகரைச் சுற்றிய பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒரு சந்தை நாள் உண்டு: புதன் எத்லா, வியாழன் சாச்சிலா, வெள்ளி ஒகோத்லான், ஞாயிறு த்லகோலூலா. ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே இப்படி ஊர் மாற்றி ஊர் கூடும் சந்தைகள் இங்கே வழக்கம். நான் முதல் தடவை திங்களன்று இறங்கி சனிக்கிழமை கிளம்பினேன். இருப்பதில் பெரிய சந்தையான த்லகோலூலாவைக் கோட்டைவிட்டேன். நீங்கள் ஞாயிறு உள்ளே வருகிற மாதிரி நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இறங்குவதும் தங்குவதும்

மெக்சிகோ சிட்டியிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம், பேருந்தில் ஆறேழு மணி நேரம். சோகலோ என்னும் நடுச்சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். பச்சைக் கல் கட்டடங்கள் நிறைந்த இந்தப் பழைய நகரமும், பக்கத்து மலை உச்சியில் உள்ள மோந்தே அல்பான் என்னும் பழங்கால நகர இடிபாடுகளும் சேர்ந்து 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. ஊர் 1,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாலையில் மெல்லிய ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். சந்தையில் ரொக்கம்தான், அதுவும் சில்லறையாக. 500 பேசோ நோட்டை நீட்டினால் கடைக்கார அம்மா பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

படி 2: காலையில் சாக்லேட்

சதுக்கத்துக்குத் தெற்கே மினா தெருவில் நுழையும் முன்பே மூக்கு வழி காட்டிவிடும். கொக்கோ, பட்டை, பாதாம், சர்க்கரை எது எவ்வளவு என்று நீங்கள் சொன்னால், கண் முன்னே மெஷினில் அரைத்துத் தரும் மில்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. வீடுகளில் இதை 'மெத்தாதே'யில் அரைப்பார்கள். மூன்று கால் வைத்த அம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள், குழவிகூட உண்டு. பாலில்லாமல் தண்ணீரில் கலக்கிய சாக்லேட்டைக் கேளுங்கள், கூடவே 'பான் தே யேமா' என்னும் முட்டை மஞ்சள்கரு ரொட்டி. ரொட்டியை முக்கித்தான் சாப்பிட வேண்டும். தயங்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

படி 3: பெனிதோ ஹுவாரெஸ் சந்தை

இது மினா தெருவிலிருந்து வடக்கே திரும்பினால் சில நிமிட நடை. மெக்சிகோவின் ஜனாதிபதியாக உயர்ந்த சபோதெக் பழங்குடி மகனின் பெயர் இதற்கு. இங்கே பசியோடு போகாமல், ருசி பார்க்கப் போங்கள்.

முதலில் 'சப்பூலினெஸ்': பூண்டு, எலுமிச்சை, உப்பு, மிளகாய் போட்டு வறுத்த வெட்டுக்கிளி, குவியல் குவியலாக இருக்கும். சின்னதில் தொடங்குங்கள், பல்லில் கால் மாட்டாது. மொறுமொறுவென்று புளிப்பாக இருக்கும். அடுத்தது 'கெசியோ', நூல் நூலாகப் பிரிந்து வரும் பாலாடைக்கட்டி. நூல்கண்டு போலச் சுற்றி வைத்திருப்பார்கள். தாகமெடுத்தால் 'தெஹாத்தே': சோளம், கொக்கோ, மமேய் பழக் கொட்டை, ஒரு வகை வாசனைப் பூ எல்லாம் அரைத்து, பெண்கள் கையாலேயே கலக்கி நுரை எழுப்பும் குளிர்ந்த பானம். வண்ணம் தீட்டிய குடுவையில் தருவார்கள். முதல் மடக்கில் ஒன்றும் புரியாது, மூன்றாவது மடக்கில் பிடித்துவிடும்.

மிளகாயும் மசாலாவும் அரைத்துச் செய்யும் கெட்டிக் குழம்புதான் 'மோலே'; அதன் பசை விற்கும் கடையிலும் நில்லுங்கள். வஹாக்காவில் ஏழு மோலே என்பார்கள். அதில் கருப்பு மோலேதான் ராணி: மிளகாயைக் கருக வறுத்து, அதன் விதையையும் கரித்து, கடைசியில் சாக்லேட் சேர்ப்பார்கள். நம் குழம்பில் இல்லாமல் முடியாத மிளகாய், மெக்சிகோ மண்ணில் பழக்கப்பட்ட செடி. போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அது இவர்கள் கையில் என்னவாக ஆகிறது என்று நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

படி 4: புகை நடை

இதுதான் புதியவர்கள் திணறும் இடம், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் 'வெயிந்தே தே நோவியெம்ப்ரே' சந்தையில் ஒரு நடைபாதை முழுக்கக் கரி அடுப்புகள். உள்ளே நுழைந்ததும் நான்கு பக்கமும் கூப்பிடுவார்கள். நான் மிரண்டு போய் மூன்று கடையில் தலையாட்டிவிட்டு, இரண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ இறைச்சியோடு உட்கார்ந்தேன்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் காய்கறிக் கடையில் வெங்காயத்தாளும் பச்சை மிளகாயும் வாங்குங்கள். பிறகு ஒரே ஒரு இறைச்சிக் கடையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேருக்கு 'மேதியோ கீலோ', அதாவது அரைக் கிலோ என்று சொல்லுங்கள். உலர்ந்த மாட்டிறைச்சி 'தசாஹோ', மிளகாய் தடவிய பன்றி 'செசீனா', தொத்திறைச்சியான 'சொரிசோ' மூன்றையும் கலந்து கேட்கலாம். காய்கறியையும் அவர்களிடமே கொடுத்துவிட்டால் சேர்த்துச் சுட்டுத் தருவார்கள். பொது மேசையில் உட்காருங்கள். சோள ரொட்டி, வெண்ணெய்ப்பழ மசியல், சப்பாத்திக்கள்ளி சாலட் எல்லாம் தனித்தனி ஆட்கள் கொண்டு வருவார்கள், தனித்தனியாகத்தான் காசு. ஒவ்வொரு முறையும் 'குவாந்தோ குவெஸ்தா?' என்று விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். எதிரே உட்கார்ந்தவர் எழும்போது 'ப்ரொவேச்சோ' என்றால் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம், பதிலுக்கு 'கிராசியஸ்' போதும். சட்டையில் ஏறிய புகை வாசனை அன்று போகாது, பழைய சட்டையில் போங்கள்.

படி 5: இரவுக்கு த்லயூதா

தட்டைவிடப் பெரிய சோள ரொட்டி. மேலே கருப்பு பீன்ஸ் விழுது, கெசியோ, முட்டைக்கோஸ், மடித்துக் கரியில் சுட்டது. சைவக்காரர்கள் கவனிக்க: ரொட்டியில் முதலில் பூசுவது 'அசியெந்தோ', பன்றிக் கொழுப்பு. 'சின் அசியெந்தோ' என்றால் பூசாமல் தருவார்கள். பீன்ஸிலும் கொழுப்பு இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

படி 6: ஞாயிறு த்லகோலூலா

பேஸ்பால் மைதானத்தருகே நிற்கும் பேருந்திலோ ஷேர் டாக்ஸியிலோ ஏறினால் 30 கிலோமீட்டர். வழியில் துலே ஊரில் மிகப் பருத்த அடிமரம் கொண்ட பழைய சைப்ரஸ் மரம் உண்டு, அரை மணி போதும். காலையிலேயே போய்விடுங்கள். சந்தைக் கட்டடத்துக்குள் கற்றாழை மடலில் பொதிந்து குழியில் வேகவைத்த ஆட்டு இறைச்சியும், அதன் ரசமும் கிடைக்கும். அதற்காகவே இந்தப் பயணத்தை மறுபடி போடலாம்.

அங்கே நீளமான பச்சைக் காய்க் கட்டுகள் தென்பட்டால் உற்றுப் பாருங்கள். நாம் சவுண்டல், சூபாபுல் என்று ஆட்டுக்கு வெட்டிப்போடும் மரத்தின் இனம்தான். இங்கே மனிதர்கள் விதையை உரித்துச் சாப்பிடுகிறார்கள். வஹாக்கா என்ற ஊர்ப்பெயரே நாவாட்டில் மொழியில் அந்த மரத்திலிருந்து வந்ததுதான்.

மோலே பசை வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள்; விமான நிலையச் சோதனையில் அது திரவக் கணக்கில் வரும். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, செக்-இன் பெட்டியில், வெள்ளைச் சட்டைகளுக்குத் தள்ளி வையுங்கள்.