லெவலிங் கிட் போட்ட பிக்கப்புக்குப் பெரிய டயர்: அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்தோடு சமமாக்கும் லெவலிங் கிட் போட்டதும், டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரியும். பலர் அதைப் பார்த்துத்தான் டயர் அளவை முடிவு செய்கிறார்கள். ஆனால் டயர் பெரும்பாலும் மேலே உரசுவதில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது வீல் வெல்லின் (சக்கரம் இருக்கும் குழியின்) பின்பக்கச் சுவரில்தான் உரசும். கிட் வண்டியை உயர்த்துமே தவிர, அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இடம் கூட்டாது.

என்னுடையது 2018 ஃபோர்டு எஃப்-150, ஃபோர் வீல் டிரைவ். முன்பக்கம் 2 அங்குல கிட். கம்பெனி டயர் 275/65 ஆர்18. உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் அளக்கும் முறை இதேதான்.

படி 1: கணக்கு

275 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் 178.75, மேலும் கீழும் சேர்த்து 357.5. ரிம் 457.2. மொத்தம் 814.7 மி.மீ., அதாவது சுமார் 32.1 அங்குலம்.

இதே கணக்கில் 275/70 ஆர்18 டயர் 842.2 மி.மீ. வரும், 33.2 அங்குலம். எல்லாரும் '35' என்று சொல்லும் 285/75 ஆர்18 டயர் 884.7 மி.மீ., 34.8 அங்குலம்.

விட்டத்தில் வரும் வித்தியாசத்தில் பாதிதான் ஒவ்வொரு பக்கமும் கூடும். கம்பெனி டயரைவிட 275/70க்கு 14 மி.மீ., 285/75க்கு 35 மி.மீ. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒடித்து அளப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. கடையில் யாரும் செய்து தரமாட்டார்கள், நாம்தான் செய்ய வேண்டும்.

பழைய டயரோடு சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசிவரை ஒடியுங்கள். இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு இறங்குங்கள். இரண்டு முன்சக்கரங்களிலும் டயருக்கு மிக அருகில் வரும் இடம் எது என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் லைனர், மட் ஃபிளாப். முன்பக்கம் பம்பரின் கீழ்முனை. உட்பக்கம் சஸ்பென்ஷன் பாகங்களான ஸ்வே பார், அப்பர் கன்ட்ரோல் ஆர்ம். பிறகு வலப்பக்கம் ஒடித்து அதே சோதனை.

அந்த இடுக்கில் அளவு நாடா சரியாக நுழையாது. அட்டைப்பெட்டியை வெட்டி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி (275/70 டயருக்கு) 14 மி.மீ. கனத்துக்கு ஒரு கட்டை செய்துகொள்ளுங்கள். அது தாராளமாகப் போய்வர வேண்டும். இறுக்கிக்கொண்டு போனால் போதாது. ஓட்டும்போது பிரேக் பிடித்தால் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்கள் அமுங்கிச் சக்கரம் கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். பின்னால் எடுத்துக்கொண்டே பிரேக் பிடித்தால் முன்னால் வரும். அதற்கும் இடம் விட வேண்டும். நான் இன்னும் 10 மி.மீ. கூட்டித்தான் அளப்பேன்.

படி 3: ரிம்மை மாற்றாதீர்கள்

இது என் உறுதியான கருத்து. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியோடு மாட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. இந்த வண்டியின் கம்பெனி ரிம் ஆஃப்செட் +44. அழகுக்காகப் பூஜ்ய ஆஃப்செட் ரிம் போட்டால் சக்கரம் 44 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு, பின்சுவரையும் பம்பரையும் தொடும். ஒரே டயர், ஒரே கிட், ஆனால் ஒருவருக்கு உரசுகிறது, இன்னொருவருக்கு உரசவில்லை என்றால் முதலில் ரிம்மைத்தான் பார்க்க வேண்டும்.

படி 4: எல்டி டயரா, சாதாரண டயரா?

எல்டி (லைட் டிரக்), லோட் ரேஞ்ச் இ (அதிக எடை தாங்கும் வகை) டயர் கனத்த பக்கச்சுவர் கொண்டது. கரடுமுரடான பாதையையும் டிரெய்லரையும் தாங்கும். எடையும் அதிகம், ஒரு டயரே 50 பவுண்டைத் தாண்டும். மைலேஜ் குறையும், வண்டி வேகம் எடுப்பது மந்தமாகும். டிரெய்லர் இழுக்காமல் தார்ச்சாலையிலேயே ஓட்டுபவர்கள், அதே அளவில் தேவையான லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) உள்ள இலகுவான டயர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

எல்டி போட்டவர்கள் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் 35 பிஎஸ்ஐயை அப்படியே அடிக்கக் கூடாது. அதே எடையைத் தாங்க எல்டி டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். டயர் கம்பெனியின் லோட் அட்டவணையைப் பாருங்கள். அநேகமாக 40ஐத் தாண்டும். அதற்காக டயரில் எழுதியிருக்கும் 80 வரை ஏற்றாதீர்கள், அது உச்சவரம்பு. அந்த அழுத்தத்தில் காலி வண்டி துள்ளும், டயர் நடுவில் தேயும்.

படி 5: மாட்டிய பிறகு

அலைன்மென்ட் கட்டாயம். கிட் போட்டதுமே காஸ்டரும் கேம்பரும் (சக்கரமும் அது திரும்பும் அச்சும் சாய்ந்திருக்கும் கோணங்கள்) மாறியிருக்கும். விட்டுவிட்டால் புது டயர் ஓரம் தேயும். முன்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட்டும் மேலே அடிக்கும். எதிரே வருகிறவர் கண் கூசாமல் இறக்கி வையுங்கள். வீல் நட் 150 பவுண்டு-அடி. டார்க் ரென்ச் வைத்து இறுக்கி, 100 மைலுக்குள் மறுபடி பாருங்கள்.

275/70 டயரோடு ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62 மைல் வேகத்தில் போவீர்கள். வண்டியின் கணினி அமைப்புகளை மாற்றும் ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் டயர் சுற்றளவை மாற்றினால் சரியாகிவிடும். அதற்கு யுஎஸ்பி கம்பியுள்ள ஓபிடிலிங்க் இஎக்ஸ் அடாப்டர் போதும். வண்டியின் கணினியில் எழுதும் வேலைக்கு மலிவான வைஃபை அடாப்டர்களை நான் நம்பமாட்டேன். மாற்றும் முன் பழைய மதிப்புகளைச் சேமித்து வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த பலர் 35 போட முடியுமா என்று கேட்டார்கள். வெட்டாமல் முடியாது. 2 அங்குலக் கிட்டோடு 35 போடுபவர்கள், முன்சக்கரத்தையொட்டிச் சட்டத்தில் பொருத்தியிருக்கும் கிராஷ் பாரைக் கழற்றுகிறார்கள். முன்மூலை மோதலில் சக்கரம் கேபினுக்குள் நுழையாமல் தடுக்க வைத்த இரும்பு அது. குடும்பத்தோடு போகிற வண்டியில் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு கேள்வி ஸ்டெப்னி பற்றி. நான்கு டயர் மாற்றினால் ஐந்தாவதையும் அதே அளவில் வாங்குங்கள். சின்ன ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினால் இடமும் வலமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி டிஃபரென்ஷியல் சூடாகும். வேறு வழியில்லாமல் மாட்டினால் டூ வீல் டிரைவிலேயே மெதுவாக ஓட்டி, பக்கத்திலுள்ள டயர் கடைக்குப் போய்விடுங்கள். புது ஸ்டெப்னி பெட்டுக்கு (பின்னால் உள்ள சரக்குத் தட்டுக்கு) அடியில் நுழைகிறதா என்பதை வாங்குகிற அன்றே கடையில் ஏற்றிப் பாருங்கள்.