கடலில் பொதி மிதந்தால்: வாழைச்சேனை, ஒலுவில் பல நாள் படகுகளுக்கு

கடத்தல்காரர்கள் ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெட்டமைன் போதைப்பொருள்) பொதிகளை மிதவை கட்டிக் கடலில் விட்டு, ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் இன்னொரு படகுக்குக் கொடுப்பதுண்டு. அப்படியொன்றைக் கண்டால் ஏற்றாதீர்கள். ஜிபிஎஸ் புள்ளி, நேரம், நீரோட்டத் திசையை எழுதுங்கள், தூரத்திலிருந்தே படமெடுங்கள். பிறகு விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கடற்படையை அழையுங்கள். அதை எல்லோரும் கேட்பார்கள், பொதிக்காரனும்தான். ஆகவே படகு எண், இடம், 'சந்தேகப் பொருள்' என்பதோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படம் போடவே வேண்டாம். வேறு படகு நெருங்கினால் விலகிப் போங்கள், பொதியை விட உயிர் பெரிது.

வலையோடு ஏறிவிட்டதா? பிரிக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி மேல்தளத்தில் வைத்து உடனே அறிவியுங்கள். மீன் வைக்கும் பனிக்கட்டி அறைக்குள் போனால் ஒளித்ததாகவே கொள்ளப்படும். இலங்கையின் போதைப்பொருள் சட்டத்தில் 2 கிராம் ஹெரோயின், அதன் 2022 திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும்.

கரையில் கவனிக்க வேண்டியது: பழைய கடனை அடைக்க முன்வருபவர், பயணத்துக்கு மிஞ்சிய டீசல் தருபவர், கண்காணிப்புக் கருவியை அணைக்கச் சொல்பவர். முன்பணம் வாங்கினால் திரும்ப முடியாது. மிரட்டல் வீடு வரை வரும். வாங்குமுன் பொலிஸ் அவசர எண் 119ஐ அழையுங்கள்.