பூங்காவுக்குள் அமைதி எங்கே இருக்கிறது?

பூங்காவின் மரங்களுக்கு நடுவே நடந்தாலும் சாலை இரைச்சல் விடாமல் கூடவே வந்தது. மரம் சத்தத்தைத் தடுக்கும் என்பார்கள். ஒற்றை வரிசை மரங்களால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தூரமும் மண்மேடும்தான் உதவும். அதிலும் வண்டிகள் ஓயாத சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால்கூட ஒலி ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறையும். அதனால் மேட்டுக்குப் பின்னால் இறங்கும் ஒற்றையடிப் பாதைக்கு மாறினேன். சரிவில் நாலு எட்டு வைத்ததுமே லாரிச் சத்தம் மங்கி, காலடியில் சருகு நொறுங்குவது கேட்டது.

அப்புறம் நேரம். காற்றில்லாத தெளிந்த விடியலில் தரையோரக் குளிர்காற்று ஒலியைக் கீழ்நோக்கி வளைப்பதால் தூரத்துச் சத்தமும் காதில் விழும். (விடியற்காலைதான் அமைதி என்று யார் சொன்னார்களோ!) இலைகள் சலசலக்கும் அளவுக்குக் காற்று வீசும் நேரமே எனக்குச் சரிப்பட்டது. மழை பெய்தால் மட்டும் அந்தச் சரிவு வழுக்கும். பிடிமானமுள்ள செருப்பு வேண்டும்.