தேர்தல் பேச்சு சூடாகும்போது

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் குமரி மாவட்டத்தின் 6 தொகுதிகளை 4 கட்சிகள் பிடித்தன. காங்கிரசுக்கு மூன்று, தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க.வுக்குத் தலா ஒன்று. அப்புறம் மார்த்தாண்டம் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் கண்ட வழி இது: குரல் ஏறியதும், எதிராளிக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிடுவது. கேள்வி நிஜமாக இருக்க வேண்டும், சமாளிப்பு என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன மாதம் என் கட்சியை வறுத்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, மரச்சீனிக் கிழங்கை எலி தோண்டுது, என்ன செய்ய?” என்றேன். பாதி டீயை வைத்துவிட்டு, வளையைப் பார்க்க என் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

ரப்பர் விலையை மட்டும் கேட்காதீர்கள். அது நேரே டெல்லியில் போய் நிற்கும்!

வாட்ஸ்அப் குழுவில் வரும் கட்சி ஃபார்வர்டுக்கு அங்கேயே பதில் போடாதீர்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். சொல்லியே ஆகவேண்டுமென்றால் சாயங்காலம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பாதி நாள், போவதற்குள் நமக்கே மறந்துவிடும்.